இது, உது, அது: கிழக்காசிய மொழிகளைப் பட்டத்துக்குப் படித்தல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். 1995 இடம்பெயர்வு எல்லோரையும் போல எங்களையும் வெவ்வேறு திசைக்கு அனுப்பியது. ஒருத்தி தென்னிலங்கையில் யப்பானிய மொழியையும், ஒருத்தி லண்டனில் கொரிய மொழியையும், ஒருத்தி அவுஸ்திரேலியாவில் சீன மொழியையும் பட்டத்துக்குப் படித்தோம். பேசி வைத்துச் செய்ததல்ல. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் சந்தித்தபோதுதான் மூவரும் ஒரே பக்கத்துக்குப் போயிருக்கிறோம் என்று தெரிந்தது. இந்த உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம். ஒருத்தி வாசிக்கிறாள். குறை இருந்தால் மூவரையும் ஏசலாம்.

கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லும்படி சங்கம் கேட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் எங்களிடம் வழக்கமாகக் கேட்பது இரண்டு. கஷ்டமா? வேலை கிடைக்குமா?

முதலாவதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறோம். கஷ்டம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் உத்தியோகத்தருக்கு மொழி படிப்பிக்கும் நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிற ஒருவர் பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் தேர்ச்சி பெற ஏறத்தாழ அறுநூறு, எழுநூறு வகுப்பு மணித்தியாலம் போதும். சீனம், யப்பானியம், கொரியம் என்றால் ஏறத்தாழ 2,200. வீட்டில் இருந்து படிக்கும் நேரம் இதற்குள் இல்லை.

யப்பானியத்தில் ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகளை இரண்டு மூன்று கிழமையில் பாடமாக்கிவிடலாம். பிறகு வருவதுதான் சீனத்திலிருந்து போன எழுத்து, கான்ஜி. (வீட்டில் “கான்ஜி படிக்கிறேன்” என்றால் அம்மம்மா என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பகிடி எங்கள் வீட்டில் நான்கு வருடம் ஓடியது.) பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜி உண்டு. யப்பானில் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1,026 படித்திருக்கும். 2,136ஐ நான்கு வருடத்துக்குப் பங்கிட்டால் கிழமைக்குப் பத்துத்தான் வருகிறது. கேட்கச் சின்ன விடயம். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு, மூன்று, சிலவேளை ஏழெட்டு வாசிப்பு. புதிய பத்தைப் படிக்கும்போது பழைய பத்து நழுவும். சதுர றூள் கொப்பிகள் அடுக்கடுக்காக நிறைந்தன. இரண்டாம் வருடத்தின் நடுவில்தான் அதிகம் பேர் விட்டுப் போனார்கள். மூளை குறைந்தவர்கள் அல்லர். தினமும் ஒரு மணித்தியாலம் எழுதிப் பார்க்கும் பழக்கம் வராதவர்கள்.

கொரியம் நேர்மாறு. அரசர் செஜொங் 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மெய்யையும் உயிரையும் ஒரு கட்டத்துக்குள் சேர்த்து எழுதுவது. உயிர்மெய் படித்த கைக்கு ஒரு பின்னேரம் போதும். கஷ்டம் எழுத்தில் இல்லை, மரியாதையில். யாரோடு பேசுகிறோம், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைமுற்று மாறிக்கொண்டே இருக்கும். சீனத்திலோ வினை மாறவே மாறாது. அங்கே ஒலி ஏறி இறங்குவதுதான் பொருளை மாற்றும். நான்கு தொனி, அவற்றுக்கு மேல் தொனியற்ற அசை ஒன்று.

கஷ்டத்தைச் சொல்லிவிட்டோம். இனி, எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

அந்த 2,200 மணித்தியாலம் ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு. நாங்கள் மூவரும் படித்த நூல்களும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. யப்பானிய வகுப்பில் முதல் மாதம் கொரெ, சொரெ, அரெ என்ற மூன்று சொற்கள் வந்தன. பேசுபவருக்குக் கிட்ட இருப்பது கொரெ. கேட்பவருக்குக் கிட்ட இருப்பது சொரெ. இருவருக்கும் எட்ட இருப்பது அரெ. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டே சொற்கள் உள்ளபடியால் நூல் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, இரண்டு பக்கம் விளக்கியிருந்தது. எங்கள் தோழி அதை வாசித்துக் குழம்பிப்போய், கடைசியில் தலையில் கை வைத்தாளாம். இது, உது, அது! கேள்விச் சொல் தொரெ, எங்களுக்கு எது. கொகொ, சொகொ, அசொகொ, தொகொ என்றால் இங்கை, உங்கை, அங்கை, எங்கை. கொனோ, சொனோ, அனோ, தொனோ என்றால் இந்த, உந்த, அந்த, எந்த. ஒரு வரி மிச்சமில்லாமல் பொருந்துகிறது. பக்கத்தில் இருந்த சிங்களத் தோழிகளுக்கும் ‘ஒய’ என்ற சொல் இருந்தபடியால் சொன்னவுடன் விளங்கிவிட்டது. விளங்காமல் நின்றது ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான்.

இந்த ‘உது’ தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று வழக்கில் இல்லை. யாழ்ப்பாணத்தில் உண்டு. கட்டுரைக் கொப்பியில் எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட அந்தச் சொல்தான் அங்கே ஒரு பாடத்தையே திறந்தது.

அதன் பிறகு நாங்கள் தேடத் தொடங்கினோம். யப்பானியர் ‘தபெதெ மிரு’ என்பார்கள். தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! கண்ணால் பார்ப்பதல்ல, முயன்று பார்ப்பது. கொரியத்திலும் சாப்பிடு என்ற வினையோடு ‘பொதா’ என்ற பார்த்தல் வினைதான் சேரும். ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. ‘ஒகு’ தனியே நின்றால் ஒரு பொருளை வைப்பது, துணைவினையாக வந்தால் பின்னுக்கு உதவும் என்று முற்கூட்டியே செய்வது. எங்கள் ‘வை’யும் அப்படித்தான். ‘தபெதெ ஷிமத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன். இந்த ‘விடு’வில் உள்ள முடிந்துபோன உணர்வு, சிலவேளை ‘ஐயோ’ என்ற உணர்வு, அங்கேயும் அப்படியே இருக்கிறது. ‘இகு தொ இத்தா’ என்பது ‘போவேன் என்று சொன்னார்’. ‘தொ’ இருக்கும் இடத்தில் எங்கள் ‘என்று’. ஆங்கில நூல் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும்.

சீனம் அமைப்பில் எட்ட உள்ள மொழி, வினை நடுவில் வரும். என்றாலும் ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் சொல்லிப் பாருங்கள். ‘வோ’ நான், ‘சுவோதியன்’ நேற்று, ‘மாய்’ வாங்கு, ‘த’, ‘ஷூ’ புத்தகம். வரிசை மாறவில்லை. அந்தத் ‘த’ செய்கிற வேலையை எங்கள் ‘வாங்கிய’ என்ற பெயரெச்சத்தின் விகுதி செய்கிறது. ஆங்கிலம் பேசும் மாணவர் இந்த வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். மனிதன் என்பதற்கான ‘ரென்’ என்ற சீனச் சொல்லின் முதல் ஒலி, ழகரத்தைச் சரியாகச் சொல்கிற நாவுக்குக் கிட்டிய ஒலி. (ழகரத்தை ளகரமாக்குகிற நாவுகள் இந்த மண்டபத்தில் எத்தனை என்று கேட்க மாட்டோம். எங்களில் ஒருத்தியும் அந்தக் கட்சி.)

கொரிய எழுத்தில் க என்ற ஒலி சொல்லின் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கு நடுவில் மெல்லிய ஒலியாகவும் வரும். இரட்டித்தால் இறுகும். ‘கடல்’, ‘அகம்’, ‘அக்கம்’ என்று சொல்லும் பிள்ளைக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது? மூச்சை வெளியே தள்ளிச் சொல்கிற மூன்றாவது வகை மட்டும் புதிது. தீ, கொம்பு, புல் ஆகிய மூன்றுக்கும் உள்ள கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’ என்றே வரும். அதை வேறுபடுத்த எங்கள் தோழிக்கு ஒரு வருடம் எடுத்தது.

புல்லுக்குக் கொரியத்திலும் புல்தான் என்று கேட்டவுடன் சிலர் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். அப்பாவுக்கு அப்பாதான் என்று தொலைக்காட்சித் தொடர் பார்த்த பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இதில் எங்கள் கருத்து கொஞ்சம் கசக்கும். யப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்ற ஆய்வை காக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் நடத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் யப்பானிய மொழி என்ற பேச்சு எழுந்ததற்கே அது பெரும் காரணம். ஆனால் இரண்டும் ஒரு தாய் மொழியிலிருந்து வந்தவை என்ற முடிவை மொழி வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாங்கள் சொன்ன துணைவினை, வினை கடைசியில் வரும் வரிசை எல்லாம் துருக்கி, மொங்கோலிய மொழிகளிலும் உண்டு. குழந்தை வாயில் வரும் அப்பா, அம்மா போன்ற சொற்கள் உலகம் முழுக்க ஒத்துப்போகும். ஆகவே பரீட்சைத் தாளில் ‘யப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது’ என்று எழுதாதீர்கள். உறவு இல்லாவிட்டாலும் ஏணி ஏணிதான். ஏறுவதற்கு அதன் குலம் கோத்திரம் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஏணி பரீட்சைக்கு மட்டும் உதவுவதல்ல. எங்களில் கொரியம் படித்தவள் சில காலம் அந்நாட்டில் இருந்தாள். தொழில் அனுமதி முறையின் கீழ் 2004 முதல் எங்கள் நாட்டவர் பலர் அங்கே தொழிற்சாலைகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்கிறார்கள். ஒருநாள் இரவு, கிழக்கு மாகாணத்துப் பொடியன் ஒருவனுக்குக் கை இயந்திரத்தில் அகப்பட்டுவிட்டது, உரைபெயர்க்க வா என்று ஓர் அழைப்பு. வைத்தியர் கேட்டது, எப்படி நோகிறது என்று. பொடியன் சொன்னான்: “விரலடி விறைக்குது, மணிக்கட்டுக்கு மேல உளையுது, காயத்தில எரியுது.” ஆங்கிலத்தின் வழியாகப் போயிருந்தால் மூன்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடியிருப்பாள். கொரியத்தில் விறைப்புக்கு ‘சொரிதா’, உளைவுக்கு ‘சுசிதா’, எரிவுக்கு ‘தகப்தா’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. மூன்றையும் மூன்றாகவே சொன்னாள். விரலடி விறைப்பு என்றவுடன் வைத்தியர் நரம்பைச் சோதிக்கத் தொடங்கினார்.

அவளுக்குக் கொரியச் சொற்களைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. உளைவுக்கும் விறைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்தவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவித்த அவளுடைய அம்மம்மா. லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில் வளரும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ‘நோகுது’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. இருப்பதும் அரைவாசி வீடுகளில்தான். அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது கொரியப் பாட்டுக் கேட்டு, சீரியல் பார்த்து, அந்த மொழியையே பட்டத்துக்குப் படிக்கப் போகிறோம் என்கிறார்கள். நல்லது. போகட்டும். ஆனால் தமிழைக் கீழே வைத்துவிட்டுப் போகத் தேவையில்லை.

கைபேசியே மொழிபெயர்க்கிறதே என்று கேட்பீர்கள். வழி கேட்கவும் சாப்பாட்டுக் கடையில் பட்டியல் வாசிக்கவும் நாங்களும் அதைத்தான் பாவிக்கிறோம். ஆனால் யப்பானியத்தில் ‘கிமஷித்தா’ என்று ஒரு சொல் வந்தால், வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன், வந்தது எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழில் எழுதுகிறவர் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். மூலத்தில் உயர்வு வினை இருந்தால் யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது தெரியும். அதே கதை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது அந்த மரியாதை நடுவழியில் உதிர்ந்துவிடும். பிறகு மொழிபெயர்ப்பாளர் ‘வந்தாரா’, ‘வந்தானா’ என்று ஊகிக்க வேண்டியதுதான். கிழக்காசிய இலக்கியம் தமிழில் பெரும்பாலும் இப்படி இரண்டு கை மாறியே வந்திருக்கிறது. மூலத்திலிருந்து நேரே தரக்கூடியவர்கள் வேண்டும். இந்த மண்டபத்திலிருந்து ஒருவர் வந்தால் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

பட்டம் என்பது மொழி மட்டும் அல்ல. மூன்றாம், நான்காம் வருடத்தில் வரலாறும் இலக்கியமும் மொழியியலும் வரும். இது பெண் பிள்ளைகளின் பாடசாலை என்றபடியால் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஹிரகானாவுக்கு ஒரு காலத்தில் ‘ஒன்னதெ’, அதாவது பெண் கை, என்று பெயர். ஆண்கள் சீன எழுத்தில் அரச காரியம் எழுதிக்கொண்டிருக்க, அரண்மனைப் பெண்ணான முரசாகி ஷிகிபு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெண் கையால் கெஞ்சியின் கதையை எழுதினார். கொரியாவில் படித்த ஆண்கள் ஹங்குலை ‘பெண் எழுத்து’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். இன்று நாடு முழுக்க எழுதுவது அதில்தான். சீனாவின் ஹுனான் மாகாணத்து ஜியாங்யொங்கில் பெண்கள் தங்களுக்குள் மட்டும் எழுதிய நூஷு என்ற எழுத்தே இருந்தது. அதை மரபு வழியில் கற்றவர்களில் கடைசியானவர் என்று சொல்லப்படும் யாங் ஹுவான்யி 2004இல் காலமானார்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடலோடி செங் ஹேயின் கடற்படை கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியில். ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கல் மூன்றில் ஒரு கதைதான் சொல்லும். சீனம் படித்த தோழி அதற்கு முன் நின்று இரண்டு பகுதியை எழுத்துக்கூட்டி வாசித்தபோது நூதனசாலைக் காவலாளி சந்தேகத்தோடு கிட்ட வந்து நின்றாராம்.

இனி வேலை. மொழிப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு போனால் வழி குறுகல்தான். எங்களில் ஒருத்தியை ஒரு நிறுவனம் உரைபெயர்ப்பாளர் என்று எடுத்துவிட்டு, விருந்தினர் வராத நாட்களில் தேநீர்க் கோப்பை எண்ண வைத்தது. மொழியோடு இன்னொன்று சேர வேண்டும்: கணக்கியல், சட்டம், தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா, ஆசிரியப் பயிற்சி, எதுவானாலும். தொழில் தருபவர்கள் பட்டச் சான்றிதழோடு தேர்ச்சிப் பரீட்சையையும் கேட்பார்கள். யப்பானியத்துக்கு ஜே.எல்.பி.ரி. ஐந்து படி, உத்தியோகத்துக்கு மேல் இரண்டு படியே பெரும்பாலும் எடுபடும். அந்தப் பரீட்சையில் பேச்சும் எழுத்தும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆக மேல்படி சித்தியடைந்தும் தொலைபேசி எடுக்கப் பயப்படுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கொரியத்துக்கு ரொபிக், சீனத்துக்கு எச்.எஸ்.கே.

இங்கே உயர்தரத்தில் சீனமும் யப்பானியமும் பாடங்களாக உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் மூன்று மொழியும் படிப்பிக்கப்படுகிறது. சேர்வதற்கான நிபந்தனையை அந்தந்த வருடத்து மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள், பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கேட்காதீர்கள். பிரித்தானியாவில் சோவாஸ், ஷெஃபீல்ட், லீட்ஸ், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் பெரும்பாலும் நான்கு வருடம், அதில் ஒரு வருடம் அந்த மொழியின் நாட்டில். அந்த ஒரு வருடம் இல்லாத படிப்பை எடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். சின்ன மொழித் துறைகள் மூடப்படுவதுண்டு. பெயர்பெற்ற டர்ஹாமிலேயே கிழக்காசியத் துறையை 2007இல் மூடினார்கள். மூன்று நாட்டு அரசுகளும் புலமைப்பரிசில் தருகின்றன. தூதரகங்களின் அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘உது’வைக் கட்டுரையில் வெட்டுங்கள், அது உங்கள் உரிமை. வெட்டும்போது பக்கத்தில் ஒரு வரி, இது பேச்சு வழக்கு, பிழையல்ல என்று எழுதிவிடுங்கள்.

பல்கலைக்கழகக் காலம் தொட்டு நாங்கள் மூவரும் தனித்தனியே வைத்திருந்த சொற்கொப்பிகளை இப்போது ஒன்றாக்கித் தட்டச்சுச் செய்திருக்கிறோம். ஊர்ச் சொல் ஒரு நிரலில், யப்பானிய, கொரிய, சீனச் சொற்கள் பக்கத்தில். ஒரு பிரதி நூலகத்துக்குத் தந்திருக்கிறோம், மூன்று அகராதிகளோடு. துணைவினைப் பகுதி ஏறத்தாழ முடிந்தது. நோவைக் குறிக்கும் சொற்களின் பக்கம்தான் இன்னும் அரைவாசி வெறுமையாகக் கிடக்கிறது. கடுக்குது, உளையுது, விறைக்குது, எரியுது, குத்துது வரை வந்திருக்கிறோம். இந்த மலரை எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும், வீட்டில் அம்மம்மா, அப்பம்மா இருந்தால் கேட்டு, விடுபட்டதைச் சங்கத்தின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். எந்த ஊர்ச் சொல் என்றும் குறிப்பிடுங்கள். இங்கே இருக்கும் உயர்தரப் பிள்ளைகள் தேநீருக்குப் பிறகு நூலகத்துக்கு வரலாம். நான்கு மணி வரை இருப்போம். சதுர றூள் கொப்பி ஒன்று கொண்டு வாருங்கள்.